மணல்வீச்சும் மூச்சும்

1870-ஆம் ஆண்டிலே, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு நிகழ்ச்சிகள் உலகின் இரு கோடிகளில் நடைபெற்றன. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தவரான பெஞ்சமின் சியூ டில்மன் என்பவர், மணலை நீராவியாலோ காற்றாலோ வேகமாகச் செலுத்திக் கண்ணாடி, கல், உலோகம் முதலிய கடினமான பொருள்களைச் செதுக்கவும் துளைக்கவும் துலக்கவும் ஒரு முறையைக் கண்டு, அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில், இத்தாலியில் மிலான் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பிணப் பரிசோதனை செய்துவந்த அக்கீலே விஸ்கோன்டி என்னும் மருத்துவர், கல்தூசி படிந்து இறுகிப்போன நுரையீரலின் நோய்க்கு 'ஸிலிகோஸிஸ்' என்று பெயர் வழங்கினார். சக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் 'ஸிலெக்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கருவியும், அக்கருவி பின்னாளில் வளர்க்கப்போகும் நோயின் பெயரும் ஒரே ஆண்டில் பிறந்தன. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்து எண்ணிப் பார்க்க உலகத்திற்கு ஏறக்குறைய 50 ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தாமதத்தின் கதையும், அதன் பின்னர்க் கண்ட பரிகாரங்களின் கதையுமே இவ்வுரையின் பொருள்.

டில்மன் சட்டம் பயின்றவர். இரசாயனத்திலே ஈடுபாடு கொண்டவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைத்தலைவராகப் பணியாற்றியவர். பாலைவனத்தில் காற்று வாரி வீசும் மணல் வீடுகளின் சன்னற் கண்ணாடிகளை மங்கச் செய்திருப்பதைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று சொல்லுவதுண்டு. மெய்யோ பொய்யோ, இயற்கை பல்லாண்டு செய்வதைக் கருவி சில நொடிகளிற் செய்துவிட்டது. முதலிற் கண்ணாடியில் பூவேலை செய்யவும், கல்லறைக் கற்களில் எழுத்துப் பொறிக்கவும் அது பயன்பட்டது. அழுத்திய காற்றை உண்டாக்கும் கம்பிரஸர் இயந்திரங்கள் மலிந்தபோது, வார்ப்படச்சாலைகளும் கப்பற் பட்டறைகளும் அதனை ஆவலோடு ஏற்றுக்கொண்டன. அச்சிலிருந்து எடுத்த இரும்பு வார்ப்படத்தின்மேல் ஒட்டிச் சுட்டுப்போன மணலையும், பாலத்தின் உத்தரங்களிலும் கப்பலின் அடிப்புறத்திலும் ஏறிய துருவையும், பழைய வர்ணத்தையும் உளியும் கம்பித் தூரிகையும் கொண்டு சுரண்டுவது நாட்கணக்கான வேலை. மணல்வீச்சினால் அது மணிக்கணக்கான வேலையாயிற்று. நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் இதனைச் 'சாண்ட் பிளாஸ்டிங்' என்றே சொல்லுவார்கள். கோயம்புத்தூரிலாயினும் ஹௌராவிலாயினும் வார்ப்படத் தொழில் அறிந்தோர்க்கு அச்சொல் புதிதன்று.

வேலை நடக்கும் விதத்தை ஒரு கணம் மனத்திலே நிறுத்திப் பார்ப்போம். கனத்த ரப்பர்க் குழாய் ஒன்றின் முனையில் உலோகத்தாலான குழல்முனை. அதைத் தோளிலே அணைத்து இரு கைகளாலும் பற்றி நிற்கிறான் தொழிலாளி. முனையிலிருந்து மணல் சீறிப் பாய்ந்து இரும்பிலே மோதுகிறது. மோதியதும் இரும்பின் துரு உதிர்கிறது. அதோடு மணலும் உடைகிறது. வரலாறு முழுவதற்கும் திறவுகோல் இந்த இரண்டாவது செய்தியே. ஆற்று மணலைக் கையில் அள்ளினால் அது யாருக்கும் தீங்கு செய்யாது. நுரையீரலின் ஆழத்துக்குள் புகமுடியாத பருமன் உடையது அது. ஆனால் வேகமாக மோதி உடைந்த மணல் வேறொரு பொருளாகிவிடுகிறது. கண்ணுக்குப் புலனாகாத நுண்துகளாய், புதிதாய் உடைந்த கூரிய முகங்களோடு அது காற்றிலே மிதக்கத் தொடங்குகிறது.

எவ்வளவு நேரம் மிதக்கும்? இதனைக் கணக்கிட்டே சொல்லலாம். ஒரு மில்லிமீட்டரின் 100-இல் ஒரு பங்கு பருமனுள்ள மணற்றுகள், அசைவற்ற காற்றில், ஓர் ஆளின் மூக்கு உயரத்திலிருந்து தரையை அடைய ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் ஆகும். ஒரு மில்லிமீட்டரின் 1000-இல் ஒரு பங்கு பருமனுள்ள துகளுக்கோ ஐந்து மணி நேரம் வேண்டும். தொழிற்சாலையில் காற்று ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை. ஆதலால் அத்துகள் தரைக்கு வருவதே இல்லை என்று கொள்ளலாம். பெரிய துகள்களை மூக்கின் மயிரும் தொண்டையின் ஈரமும் தடுத்து நிறுத்துகின்றன. மிக நுண்ணியவை மட்டுமே நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை செல்லுகின்றன. அங்கே உடலின் காவல் அணுக்கள் அவற்றை விழுங்கி, செரிக்கமுடியாமல் தாமே மடிகின்றன. அந்த இடத்திலே தழும்பு விழுகிறது. தழும்பு தழும்பாக நுரையீரல் விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கிறது. முதலில் மாடிப்படி ஏறுகையில் மூச்சுத் திணறும். பின்னர்ச் சமதரையில் நடக்கையில். கடைசியில் படுக்கையில் கிடக்கையிலும். காசநோயும் இந்த நுரையீரலில் எளிதாகக் குடிபுகும். தழும்பை மாற்றும் மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

தூசியினால் நுரையீரல் கெடும் என்பது 1870-இல் புதிய செய்தியன்று. டில்மனின் முறையைத் தொழிலாக நடத்த இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்திலே ஒரு நிறுவனம் ஏற்பட்டது. அந்த ஷெஃபீல்டே, கத்தியும் அரமும் செய்யும் நகரம். அங்கே மணற்கல் சக்கரங்களில் உலோகத்தைத் தீட்டுவோர் இளவயதிலேயே மூச்சிளைத்து மடிவதை, அவ்வூர் மருத்துவர் அர்னால்டு நைட் 1830-இலேயே எழுதி வெளியிட்டிருந்தார். அதற்கும் முன்பே, 1820-களில், அதே நகரத்தைச் சேர்ந்த ஏப்ரகாம் என்பவர் தீட்டுவோரின் வாயருகே காந்தங்களைப் பொருத்தி இரும்புத் தூளைக் கவர்ந்துகொள்ளும் ஒரு கருவியை அமைத்துப் பதக்கமும் பெற்றார். காந்தத்தில் இரும்புத் தூள் மயிர் மயிராக ஒட்டிக்கொள்வது பார்க்கக் கவர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் உயிரைக் குடித்தது இரும்பன்று, சக்கரத்திலிருந்து உதிர்ந்த கல்தூசி. கல்லைக் காந்தம் என்ன செய்யும்? தொழிலாளர் அக்கருவியை அணிய மறுத்துவிட்டனர். அறியாமையால் மறுத்தார்கள் என்று அக்காலத்தார் அவர்களைப் பழித்தார்கள். இன்று பார்க்கும்போது, அவர்கள் இழந்தது அதிகமில்லை என்றே தோன்றுகிறது.

பயன் தந்தது காந்தமன்று, விசிறி. தீட்டும் சக்கரத்தின் அருகே ஒரு குழாயின் வாயை வைத்து, அதன் மறுமுனையில் விசிறி கொண்டு காற்றை இழுத்துத் தூசியை வெளியே போக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தெரிந்திருந்தது. அத்தகைய விசிறியை வைக்கும்படி ஆணையிடும் அதிகாரத்தை 1867-இன் ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்டம் ஆய்வாளர்களுக்கு வழங்கியது. ஆகவே மணல்வீச்சு பிறந்த நாளிலேயே நோயும் தெரியும். நோயைத் தடுக்கும் வழியும் ஒருவாறு தெரியும். பின் ஏன் தாமதம்?

தாமதத்திற்குக் காரணம் பல. நோய் உடனே தோன்றுவதில்லை. பல ஆண்டுகள் கழித்தே வருகிறது. அதற்குள் தொழிலாளி வேறு வேலைக்கோ சொந்த ஊருக்கோ போயிருப்பான். வந்த பிறகும் அதனைக் காசநோய் என்று எழுதி மூடிவிடுவது எளிதாக இருந்தது. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தது வைத்திய சாஸ்திரத்தின் பெருவெற்றி. ஆயினும் அதன் பிறகு சில காலம், நுரையீரல் நோய் எல்லாவற்றிற்கும் கிருமியே பொறுப்பு, தூசிக்குப் பங்கில்லை என்னும் எண்ணம் பரவிற்று. ஒரு பெரிய உண்மை மற்றோர் உண்மையை மறைத்துவிட்ட விந்தை இது. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான காரணம், அபாயமான தூசியைக் கண்ணால் காணமுடியாமையே. புகை மண்டலமாய்த் தெரியும் தூசி கீழே விழுந்துவிடும். தெரியாத தூசியே தங்கும். வேலை முடிந்து காற்றுத் தெளிந்துவிட்டது என்று எண்ணிக் கவசத்தைக் கழற்றியவன், அப்போதுதான் அதிகமாக உட்கொண்டான்.

காணமுடியாததை எண்ணிக் கணக்கிடும் கருவிகள் வந்த பிறகே வழி பிறந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் பாறை துளைத்தோர் கூட்டங் கூட்டமாக மடிந்ததைக் கண்டு, அங்கே 1916-இல் ராபர்ட் கோட்ஸே என்பவர், ஒரு சிறு அளவு காற்றைப் பசையுள்ள கண்ணாடியின்மேல் மோதவிட்டு, ஒட்டிய துகள்களை நுண்பெருக்கியின் கீழ் எண்ணும் கருவியைச் செய்தார். அமெரிக்காவில் 1922-இல் கிரீன்பர்கும் ஸ்மித்தும், காற்றை நீருக்குள் மோதச் செய்து தூசியைப் பிடிக்கும் வேறொரு கருவியைச் செய்தனர். இனி, 'இங்கே தூசி அதிகமில்லை' என்று முதலாளியோ மேஸ்திரியோ பார்வையால் சொல்லிவிட முடியாது. கருவி எண்ணிச் சொல்லும். நம் நாட்டிலும் கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் இந்நோய் இருந்தது என்பதையும், அங்கே உழைத்தவர்களிற் பெரும்பகுதியினர் தமிழரே என்பதையும் இங்கு நினைவு கூர வேண்டும்.

மணல்வீச்சுத் தொழிலாளரின் காப்புச் சாதனங்களை அளவிட்டுச் சோதித்த முதல் ஆராய்ச்சிகளுள் ஒன்று 1920-இல் வெளிவந்தது. அமெரிக்கச் சுகாதார நிபுணரான வின்ஸ்லோவும், மேலே சொன்ன கிரீன்பர்கும், மற்றொருவரும் சேர்ந்து நடத்தியது அது. விஸ்கோன்டியின் நோயும் டில்மனின் கருவியும் முதலிற் சந்தித்தது இத்தகைய ஆராய்ச்சிகளிலே எனலாம். அந்நாளில் பல இடங்களில் தொழிலாளி அணிந்தது வெறும் துணிமுகமூடி. சற்று வசதியுள்ள இடங்களில், கண்ணுக்குக் கண்ணாடி வைத்த தகரத் தொப்பி. பறந்து வரும் மணற்பரல் முகத்தைக் கிழிக்காமல் அது காக்கும். கழுத்தின் இடைவெளி வழியே ஏறும் நுண்தூசியை அது தடுக்காது. வெளியிலிருந்து குழாய் மூலம் தூய காற்று உள்ளே வந்து, தொப்பிக்குள்ளிருந்து வெளியே வழிந்துகொண்டே இருந்தால்தான் தூசி உள்ளே நுழையாது. இதனை உணர்ந்து காற்றூட்டும் தலைக்கவசங்களைச் செய்தனர். ஆனால் அந்தக் காற்றை எங்கிருந்து எடுப்பது? அதே தூசி நிறைந்த கூடத்திலே கம்பிரஸரை வைத்து, அங்குள்ள காற்றையே அழுத்திக் கவசத்துக்குள் அனுப்பினால் என்ன பயன்?

கண்ணுக்குப் புலனாகாத இந்தத் தீங்கை எண்ணிக்கையால் வெளிப்படுத்தியவர் இங்கிலாந்தின் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளரான மெரிவெதர். 1936-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், மணல்வீச்சில் ஈடுபட்ட 441 பேரில் 24 பேர், மூன்றரை ஆண்டுக் காலத்திற்குள் ஸிலிகோஸிஸாலோ, அதனோடு சேர்ந்த காசநோயாலோ இறந்தனர் என்று தெரியவந்தது. இருபதில் ஒருவருக்கும் மேல். வேறெந்தத் தொழிலிலும் ஒரு படை இப்படி அழிந்திருந்தால் அதனைப் போர் என்றே சொல்லியிருப்பார்கள்.

இதற்குப் பரிகாரமாகக் கவசத்தை இன்னும் கனமாக்குவோம் என்று இங்கிலாந்து சொல்லவில்லை. உலகப்போர் இடையிட்ட பிறகு, 1949-இல், வார்ப்படம் முதலியவற்றை வீச்சினால் துலக்குவது பற்றிய தனி விதிகளை இயற்றி, அந்த வேலைக்கு மணலையே பயன்படுத்தக் கூடாது என்று தடுத்துவிட்டது. மணலுக்குப் பதிலாக எஃகுப் பரலும் இரும்பு மணிகளும் வந்தன. இவை மணலைப்போல் நொறுங்குவதில்லை. திரட்டிச் சலித்துத் திரும்பத் திரும்ப வீசலாம். மணலின் விலை மலிவு, எஃகின் விலை அதிகம் என்று தயங்கியவர்கள், மணல் ஒரு முறைக்கே உதவும், எஃகு பலநூறு முறைக்கு உதவும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தனர். 1930-களிலேயே, அழுத்திய காற்றே இல்லாமல், சுழலும் சக்கரத்தின் விசையால் இரும்பு மணிகளை வீசும் இயந்திரங்களும் அமெரிக்காவிற் பெருகியிருந்தன. வார்ப்படத்தை ஒரு மூடிய பெட்டிக்குள் உருளவிட்டு மணிகளால் அடிக்கும் இயந்திரம் அது. குழல்முனையைப் பிடித்து நிற்க ஆளே தேவையில்லை. ஆளில்லாத இடத்தில் மூச்சுக்கு என்ன கேடு வரும்?

ஆயினும் மணலை நீக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பலர் தவறுவது இங்கேதான். வார்ப்படத்தின்மேல் ஒட்டியிருப்பதே அச்சின் மணல். எஃகுப் பரலால் அடித்தாலும் அந்த மணல் தூளாகிப் பறக்கத்தான் செய்யும். பழைய பாலத்தின்மேல் ஈயம் கலந்த வர்ணம் இருந்தால், அந்த ஈயமும் பறக்கும். மணலுக்கு மாற்றாக வந்த உலோகக் கசடுகளிலும் வேறு நச்சுப்பொருள்கள் இருக்கக்கூடும். ஆகவே அடைப்பும் காற்றோட்டமும் இன்றியமையாதவை.

காற்றோட்டம் என்றதும் சுவரிலே ஒரு பெரிய எக்ஸாஸ்ட் விசிறியை வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது இயல்பு. அது போதாது என்பதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். நம் வீடுகளில் குத்துவிளக்கை வாயால் ஊதி அணைப்பது வழக்கமில்லை. ஆதலால் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்வோம். கை நீட்டிய தூரத்தில் வைத்து ஊதினால் சுடர் அணையும். அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளிழுத்து அதை அணைக்க முயலுங்கள். சுடர் அசைவதே அரிது. ஊதிய காற்று ஒரே திசையில் நெடுந்தூரம் செல்லும்; இழுக்கும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் வாய்க்கு அருகிலேயே அதன் வலிமை தீர்ந்துவிடும். குழாய்வாயின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே, இழுப்பின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. ஊதும் காற்று அதே அளவுக்குத் தளர்வதற்குக் குறுக்களவைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு தூரம் செல்ல வேண்டும். இந்த உண்மையை 1930-களில் டல்லாவாலே என்னும் அமெரிக்கப் பொறியியலார் அளந்து சூத்திரமாக வகுத்துக் கொடுத்தார். தூசி எங்கே பிறக்கிறதோ அங்கேயே, அதன் வாயருகிலேயே பிடிக்க வேண்டும் என்பது இதன் முடிவு.

இம்முறை பலிக்கும் என்பதற்கு வெர்மான்ட் மாநிலத்துப் பாரி என்னும் ஊரின் கருங்கல் பட்டறைகள் சான்று. காற்றினால் இயங்கும் உளிகள் அங்கே 1900-ஐ ஒட்டி வந்ததிலிருந்து, கல்தச்சர்கள் ஐம்பது வயதைக் காண்பதே அரிதாக இருந்தது. 1930-களின் இறுதியில் ஒவ்வொரு தொழிலாளியின் உளிமுனைக்கு அருகிலும் உறிஞ்சுகுழாயைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் பிறகு வேலைக்குச் சேர்ந்தோரிடம் இந்நோய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அதே கல், அதே உளி, அதே தொழில். மாறியது காற்று போகும் வழி ஒன்றே.

ஆனால் மணல்வீச்சில் உளிமுனையைப்போல் நிலையான இடம் கிடையாது. குழல்முனை அங்குமிங்கும் திரும்பும். தூசி வேகமாகத் தெறிக்கும். எனவே அந்த இடம் முழுவதையுமே ஓர் அறையாக அடைத்து, அவ்வறையையே பெரிய உறிஞ்சுவாயாக ஆக்கிவிடுகிறார்கள். சிறு பொருளானால் பெட்டி. தொழிலாளி வெளியே நின்று, கண்ணாடி வழியே பார்த்து, பெட்டியோடு பொருத்திய நீண்ட கையுறைகளுக்குள் கைகளை நுழைத்து வேலை செய்யலாம். பெரிய பொருளானால் வீச்சறை. அதனுள்ளே காற்று மேலிருந்து கீழாகவோ ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கோ ஒழுங்காகச் செல்லுமாறு விசிறிகளை அமைப்பார்கள். அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அப்போது கதவிடுக்கு ஒன்று இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமேயன்றி, உட்தூசி வெளியே வராது. இழுத்த தூசியை அப்படியே தெருவில் விட்டால் ஊரார் மூச்சில் ஏறும். ஆகையால் அதனைச் சுழற்றி வீழ்த்தும் கூம்புகள் வழியாகவும், துணிப்பை வடிகட்டிகள் வழியாகவும் செலுத்திப் பிரித்தெடுப்பார்கள். பை நிறைந்து அடைத்துக்கொண்டால் விசிறி ஓடும், ஓசை கேட்கும், காற்று மட்டும் நகராது. தூசிக் கட்டுப்பாட்டில் ஏமாற்றம் உண்டாவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

இந்தியாவில் 1948-இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தூசி பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகிலே உறிஞ்சுசாதனம் அமையவேண்டும் என்றும், அவ்விடம் இயன்றவரை அடைக்கப்படவேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டத்தின் கீழ் அபாயமான தொழில்கள் பற்றி மாநிலங்கள் வகுத்த விதிகளில் வீச்சுவேலைக்கென்றே ஓர் அட்டவணை இடம்பெற்றது. பெரும்பாலும் ஆங்கில விதிகளைத் தழுவியது அது. மணலையோ, தனித்த ஸிலிகா உள்ள வேறு பொருளையோ வீச்சுக்கருவியில் இடலாகாது. வீச்சறைக்குள்ளன்றி இவ்வேலையைச் செய்யலாகாது. அறையை வாரம் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். காற்றோட்டச் சாதனத்தை மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும். உள்ளே செல்வோர் ஒவ்வொருவருக்கும் தனிக் கவசம், அதற்கு நிமிடத்துக்கு 6 கன அடிக்குக் குறையாத தூய காற்று. அந்தக் காற்று 'மிகையாகக் குளிர்ந்ததாக' இருக்கலாகாது என்றும் விதி சொல்லிற்று! லண்டனின் பனிக்காலத்தை எண்ணி எழுதிய வாசகம் கப்பலேறி நம் வெயில் நாட்டுக்கு வந்து அப்படியே அமர்ந்துகொண்டது. இங்கே கவசத்துக்குள் வெந்து வியர்ப்பதே தொழிலாளியின் குறை. அவன் அதனைக் கழற்றி எறிவதும் பெரும்பாலும் அதனாலேதான்.

வாசகம் எப்படியிருப்பினும் ஒரு விதி மிக நுட்பமானது. வீச்சு நடைபெற்றாலும் நடைபெறாவிட்டாலும், அறை பயன்பாட்டில் இருக்கும் நேரமெல்லாம் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அது. ஒரு நுண்துகள் தரையை அடைய ஐந்து மணி நேரமாகும் என்று முன்பு கண்டோமே, அதனை அறிந்தவர்கள் எழுதிய விதி இது. மின்சாரத்தை மிச்சப்படுத்த எண்ணி, குழாய் நின்றவுடன் விசிறியையும் நிறுத்திவிட்டு, அடிபட்ட பொருளைத் திருப்பிப் போட ஆட்களை உள்ளே அனுப்புவது இந்த விதியைக் கொன்றுவிடும்.

சட்டம் எழுதியவர்கள் தொழிற்சாலையின் நாற்சுவரை நினைத்தார்கள். ஆனால் பாலத்தையும் எண்ணெய்த் தொட்டியையும் கப்பலின் அடிப்புறத்தையும் வீச்சறைக்குள் கொண்டுபோக முடியாது. அவற்றைத் திறந்த வெளியிலேயே அடிக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் ஆற்று மணலைக் கொட்டுவார். வேலை முடிந்ததும் ஆட்களோடு வேறூர் போவார். திறந்த வெளிதானே, காற்று அடித்துப் போய்விடும் என்பது ஒரு வாதம். குழல்முனையைப் பிடித்தவன் நிற்பது அந்தக் காற்று அடித்துப் போவதற்கு முன்னுள்ள இடத்தில். 1974-இல் அமெரிக்காவின் லூயிஸியானாவில் இரும்புக் கட்டுமானப் பட்டறைகளில் அளந்தவர்கள், மணல்வீசுபவனின் மூச்சுக்காற்றை மட்டுமின்றி, அருகே வேறு வேலை செய்தோரின் மூச்சுக்காற்றையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கவசமேது?

அதே 1974-இல் அமெரிக்கத் தேசியத் தொழில்நல நிறுவனம், நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தனித்த ஸிலிகா உள்ள எப்பொருளையும் வீச்சுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்யுமாறு பரிந்துரைத்தது. இங்கிலாந்து அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே செய்த காரியம் அது. ஆனால் பரிந்துரை சட்டமாகவில்லை. 1992-இல் அதே நிறுவனம் மணல்வீச்சினால் ஸிலிகோஸிஸ் உற்ற 99 பேரின் விவரத்தை வெளியிட்டு எச்சரித்தது. அவர்களுள் 14 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். டில்மன் பிறந்த நாடு அவர் கருவியின் தீமையைக் கட்டுப்படுத்துவதில் பின்தங்கி நின்றது வியப்பே. மணலை விட்டுவிடுவதற்கு முதலாளி செலவிட வேண்டும். முகமூடி கொடுப்பதற்குச் செலவு சொற்பம், பொறுப்பும் தொழிலாளியின் தலையிலே போய்ச் சேரும். இந்த வேற்றுமையைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கடைசியாகத் துருக்கி நாட்டில் நடந்தது. 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய ஜீன்ஸ் துணியைப் பழையதுபோல் நரைத்துக் காட்டும் வழக்கம் பரவியது. அதற்குச் சுலபமான வழி, காலின் முன்பக்கத்திலும் தொடையிலும் மணலை வீசித் தேய்ப்பது. சன்னல்கள் அடைத்த சிறு பட்டறைகளில், காற்றோட்டம் சிறிதுமின்றி, கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இந்த வேலையைச் செய்தனர். 2005-இல் அந்நாட்டு மருத்துவர்கள், இருபது வயதும் நிரம்பாத இருவருக்கு ஸிலிகோஸிஸ் வந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். வயதான சுரங்கத் தொழிலாளரிடம் காணும் நோயைப் பையன்களிடம் கண்ட மருத்துவர்கள் திகைத்தார்கள். பின்னர் அவ்வேலையை விட்டுவிட்ட 145 பேரைச் சோதித்ததில், பாதிக்கு மேற்பட்டோரின் நுரையீரலில் தழும்பு இருந்தது. அவர்களுடைய சராசரி வயது 23. வேலை செய்த காலம் சராசரி மூன்றே ஆண்டுகள்.

2009 மார்ச் மாதத்தில் துருக்கி அரசாங்கம் ஜீன்ஸ் துணிக்கு மணல்வீசுவதைத் தடைசெய்தது. 2011-இல் மருத்துவர்கள் அந்த 145 பேரைத் தேடிச் சென்றனர். 9 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். திரும்பவும் சோதிக்க முடிந்த 74 பேரும் மணலைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் ஏறக்குறைய அனைவரின் நுரையீரலிலும் நோய் தெரிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்ரே படத்தில் குற்றமற்றிருந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.